கேத்தே திரையரங்குகள் எங்கே போயின? ஒரு குடும்பத்தின் 90 ஆண்டுக் கதை

தோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்து ஹேண்டி ரோடு பக்கம் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். பழைய காலத்து முகப்பு ஒன்று தெரியும். அதுதான் கேத்தே. 2003ஆம் ஆண்டிலிருந்து அந்த முகப்பு தேசிய நினைவுச்சின்னம். நினைத்தபடி இடித்துவிட முடியாது. ஆனால் 'வந்ததுதான் வந்தோம், ஒரு படம் பார்க்கலாம்'னு நினைச்சா, கேத்தே திரையரங்கு அங்கே இல்லை. அங்கே மட்டும் இல்லை, இப்போது எங்குமே இல்லை.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி 'கேத்தே சினிபிளெக்ஸஸ்' நிறுவனம் கலைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. எஞ்சியிருந்த கிளைகள் எல்லாம் மூடப்பட்டன. தீபாவளி வெளியீட்டுக்கு நண்பர்களோடு அங்கே வரிசையில் நின்றவர்கள் நம்மில் நிறையப் பேர். சமூக ஊடகத்தில் பழைய டிக்கெட் படங்கள் சுற்றின. "நெட்ஃபிளிக்ஸ் வந்துடுச்சு, அதான்" என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

அது பாதி பதில்தான். இதே ஊரில், இதே நெட்ஃபிளிக்ஸ் காலத்தில், இன்னொரு குடும்பத்தின் திரையரங்குகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஷா குடும்பத்தைத்தான் சொல்கிறோம். இரண்டுமே சீனக் குடும்பங்கள் தொடங்கியவை, இரண்டுமே போருக்கு முன்பே வளர்ந்தவை, இரண்டுமே படம் எடுத்தவை, காட்டியவை. அப்புறம் ஏன் ஒன்று மட்டும் மறைந்தது? அதைப் புரிந்துகொள்ள, திரையரங்கு நடத்துவது என்றால் உண்மையில் என்ன தொழில் என்று பார்க்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து தொடங்குவோம்.

அம்மா போட்ட முதல்

கோலாலம்பூர் போயிருந்தால் 'ஜாலான் லோக் யூ' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஈயச் சுரங்கமும் ரப்பர் தோட்டமும் வைத்துப் பெரும் செல்வந்தரானவர் லோக் யூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்தவர். 1917இல் அவர் இறந்தபோது மகன் லோக் வான் தோவுக்கு 2 வயதுகூட நிறையவில்லை.

பையனை வளர்த்ததும் சொத்தைக் காத்ததும் தாயார் லிம் செங் கிம். மகன் சுவிட்சர்லாந்திலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் படித்தார். ஆங்கில இலக்கியமும் வரலாறும் அவருடைய பாடங்கள். அவர் வெளிநாட்டில் இருந்த காலத்திலேயே, 1935இல், 'அசோசியேட்டட் தியேட்டர்ஸ்' என்ற நிறுவனம் சிங்கப்பூரில் பதிவாகிறது. பின்னால் கேத்தே என்று நாம் அறிந்த அத்தனைக்கும் விதை அதுதான். மறுவருடம் கோலாலம்பூரில் பெவிலியன் திரையரங்கு திறக்கப்பட்டது. கேத்தே கதை என்றாலே எல்லாரும் மகனைப் பற்றித்தான் பேசுவார்கள். முதல் போட்டவர் அம்மா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1939 அக்டோபர் 3ஆம் தேதி சிங்கப்பூரில் கேத்தே திரையரங்கு திறந்தது. முதல் படம் 'தி ஃபோர் ஃபெதர்ஸ்'. சுமார் 1,300 இருக்கைகள். அதைவிடப் பெரிய செய்தி, ஏர்கான்! சிங்கப்பூரில் குளிரூட்டப்பட்ட முதல் திரையரங்குகளில் ஒன்று அது. இன்றைக்கு நமக்கு அது ஒரு விஷயமே இல்லை; கடைத்தொகுதிக்குள் போகும்போது ஜாக்கெட் எடுத்துக்கொண்டு போகிறோம். 1939இல் சாதாரண மக்கள் குளிர்ந்த காற்றில் 2 மணி நேரம் உட்காருவதற்கு வேறு இடம் அநேகமாக இருந்திருக்காது. படம் சுமாராக இருந்தாலும் டிக்கெட் காசு வீணில்லை.

திரையரங்குக்குப் பின்னால் 16 மாடிக் கோபுரம் ஒன்று எழுந்தது. 1941இல் கட்டி முடிக்கப்பட்ட அதைத்தான் சிங்கப்பூரின் முதல் வானளாவி என்கிறார்கள். குடியிருப்புகள், உணவகம், திரையரங்கு எல்லாம் ஒரே கட்டடத்தில். மேல்மாடியில் வாடகை, கீழ்மாடியில் சினிமா. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போஸ் நின்ற மேடை

கட்டி முடித்த சில மாதங்களிலேயே போர் வந்துவிட்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதற்குச் சற்று முன்னால் லோக் வான் தோ கப்பலில் தப்பிக்கப் பார்த்தார். அந்தக் கப்பல் சுமத்ராவுக்கு அருகே குண்டுவீச்சுக்கு ஆளானது. உடலெல்லாம் தீக்காயம், சில காலம் கண் பார்வையும் இல்லை. காப்பாற்றப்பட்டு இந்தியா போய்ச் சேர்ந்தார். அங்கேதான் புகழ்பெற்ற பறவை ஆய்வாளர் சாலிம் அலியின் நட்பு கிடைத்தது. இருவரும் பல பயணங்கள் சேர்ந்து போனார்கள். லோக் பின்னாளில் பறவைகளைப் படம் பிடிப்பதில் உலகம் அறிந்த பெயரானார். சினிமா முதலாளி கையில் கேமராவோடு மரத்தடியில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

அவர் இல்லாத சிங்கப்பூரில் அவருடைய கட்டடம் ஜப்பானியர் கைக்குப் போனது. திரையரங்குக்கு 'டை தோவா கெகிஜோ' என்று புதுப்பெயர். பெரும் கிழக்காசியத் திரையரங்கு என்று அர்த்தம். வானொலியும் பிரசாரத் துறையும் அந்தக் கட்டடத்திலிருந்து இயங்கின.

அடுத்து வருவது நம் வீடுகளோடு தொடர்புள்ள சங்கதி. 1943 ஜூலை 4ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ், இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை இந்தக் கேத்தேயில்தான் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அவர் அறிவித்ததும் இதே அரங்கில்தான். அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே பெண், சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த கேப்டன் லட்சுமி. அவர் தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவையே பார்த்திராத பலர் அதில் உண்டு. உங்கள் கொள்ளுப்பாட்டி, கொள்ளுத்தாத்தா காலத்துக் கதை இது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்க.

ஜப்பானியத் திரையுலகின் மேதைகளில் ஒருவரான யாசுஜிரோ ஓசுவும் அப்போது இங்கே அனுப்பப்பட்டார். போஸின் இயக்கத்தைப் பற்றி ஒரு படம் எடுப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. படம் முடியவே இல்லை. அதற்குப் பதிலாக, கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தாராம், 'சிட்டிசன் கேன்' உட்பட. போர்க்காலத்தில் இப்படியும் ஒரு வேலை!

போர் முடிந்ததும் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் சில காலம் இதே கட்டடத்தில் இருந்தது. பிறகுதான் குடும்பத்திடம் திரும்பியது. 1954இல் கோபுரத்தில் கேத்தே ஹோட்டல் வந்தது.

மலாய்ப் படத்துக்கு ஏன் இந்திய இயக்குநர்?

திரையரங்கு வைத்திருப்பவருக்கு ஒரு தலைவலி எப்போதும் உண்டு. வாரா வாரம் புதுப்படம் வேண்டும். மற்றவர் எடுத்த படத்தை வாங்கிக் காட்டினால் வசூலில் பெரும் பங்கு அவர்களுக்குப் போகும். நல்ல படம் போட்டியாளர் கைக்குப் போய்விட்டால் அரங்கம் காலி. இதற்கு ஒரே மருந்து, நாமே படம் எடுப்பது.

போட்டியாளர் என்றால் ஷா சகோதரர்கள்தான். 1920களில் சீனாவிலிருந்து வந்த ரன்மீ ஷாவும் தம்பி ரன் ரன் ஷாவும் போருக்கு முன்பே இந்த வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட திரையரங்குகளை நடத்தினார்கள். 1947இல் பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் மலாய்ப் படப்பிடிப்புத் தளம் தொடங்கினார்கள். பி. ரம்லி பாடியதும் நடித்ததும் அங்கேதான். லோக் சும்மா இருப்பாரா? 1953இல் ஹோ ஆ லோக் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து 'கேத்தே-கெரிஸ்' நிறுவனத்தை அமைத்தார். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் படப்பிடிப்புத் தளம். 1956இல் ஹாங்காங்கிலும் ஒரு தயாரிப்பு நிறுவனம். கிரேஸ் சாங் ஆடிப் பாடிய 'மேம்போ கேர்ள்' அங்கிருந்து வந்ததுதான்.

அப்போதைய மலாயாவில் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. மலாய் ரசிகர்களுக்கோ பாட்டும் கண்ணீரும் கலந்த இந்தியப் படங்கள் மிகவும் பிடிக்கும். ஆகவே இரண்டு நிறுவனங்களும் இந்தியாவிலிருந்து இயக்குநர்களை வரவழைத்தன. பி. என். ராவ் அவர்களில் ஒருவர். 'சாலிவாகனன்' போன்ற தமிழ்ப் படங்களை இயக்கிவிட்டு இங்கே வந்தவர். முதலில் ஷா, பிறகு கேத்தே-கெரிஸ். 1957இல் அவர் இயக்கிய 'பொந்தியானாக்', மலாய்ப் பேய்ப் படங்களுக்கெல்லாம் வழிகாட்டி. நாயகி மரியா மெனாடோ. கேத்தேயில் வாரக்கணக்கில் ஓடியது. ஷா உடனே 'அனாக் பொந்தியானாக்' எடுத்தது. பேய்க்கே பிள்ளை பிறந்துவிட்டது!

எல். கிருஷ்ணன் என்ற பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்தவர். 1950இல் ஷாவுக்காக அவர் எடுத்த 'பக்தி' படத்தில்தான் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனானார். பிறகு கிருஷ்ணன் கேத்தே-கெரிஸுக்கு மாறினார். 1958இல் அவர் 'ஓராங் மிஞாக்' எடுத்தார். அதே வருடம் ஷாவுக்காக அதே எண்ணெய் மனிதனை வைத்து ரம்லி 'சும்பா ஓராங் மிஞாக்' எடுத்தார். தாம் கதாநாயகனாக்கிய ஆளோடு, ஒரே கதையை வைத்து, எதிர் முகாமில் நின்று போட்டி. இதுவே தனிப் படமாக எடுக்கலாம் போல.

மலாய் சினிமா வரலாற்றைப் பள்ளியில் படிக்கும்போது இந்தப் பெயர்கள் அடிக்குறிப்பாகத்தான் வரும். மலாய்ப் பட்டாளம், சீன முதலாளி, தமிழோ வங்காளமோ பேசிய இயக்குநர் என்று ஒரே தளத்தில் மூவரும் வேலை செய்தார்கள். 'பல இனம், ஒரே மக்கள்' என்று யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை. டிக்கெட் விற்க வேண்டும், அதனால் சேர்ந்தார்கள்.

ஆக 1960இன் தொடக்கத்தில் லோக் குடும்பத்திடம் நான்கும் இருந்தன. படத் தயாரிப்பு, விநியோகம், திரையரங்கு, அவற்றுக்குக் கீழே சொந்த நிலம். ஒன்றில் நட்டம் வந்தால் இன்னொன்று தாங்கும்.

1964 ஜூன் 20

தைப்பேயில் ஆசியத் திரைப்பட விழா நடந்தது. லோக் வான் தோ மனைவியோடும் நிறுவனத்தின் மூத்த அதிகாரிகள் சிலரோடும் போயிருந்தார். ஜூன் 20ஆம் தேதி தைச்சுங்கிலிருந்து தைப்பேய்க்குத் திரும்பிய விமானம் புறப்பட்ட சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 57 பேரும் இறந்தார்கள். லோக்கிற்கு வயது 49. மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் அவர்.

முதலாளி மட்டும் போகவில்லை, அவரோடு முடிவெடுக்கும் ஆட்களும் ஒரே விமானத்தில் போய்விட்டார்கள். அந்தச் சினிமா ஆசைக்கு ஈடு கொடுக்கக் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை. ஷா வீட்டில் நிலைமை வேறு. ரன் ரன் ஹாங்காங்கைப் பார்த்துக்கொண்டார், ரன்மீ சிங்கப்பூரைப் பார்த்துக்கொண்டார், அடுத்த தலைமுறையும் தயாராக இருந்தது.

கேத்தேயில் மைத்துனர் சூ கொக் லியோங் பொறுப்பேற்றார். அவர் கணக்குப் பார்த்துச் செயல்பட்டவர். அவரைக் குறை சொல்ல முடியாது. தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்துவிட்ட காலம் அது. பெரிய மலாய் நட்சத்திரங்கள் கோலாலம்பூர் பக்கம் போகத் தொடங்கினார்கள். ஷாவின் ஜாலான் அம்பாஸ் தளம் 1967இல் மூடியது. 1970களின் தொடக்கத்தில் ஹாங்காங் தயாரிப்பும் கேத்தே-கெரிஸ் தளமும் முடிவுக்கு வந்தன.

இதுதான் முதல் துண்டு கழன்ற இடம். இனிமேல் மற்றவர் எடுத்த படத்தைத்தான் காட்ட வேண்டும்.

ஆனாலும் காட்டுவதில் கேத்தே சளைக்கவில்லை. 1971இல் ஜூரோங்கில் திறந்தவெளித் திரையரங்கு ஒன்றைத் திறந்தது. காரை ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தி, காருக்குள்ளேயே உட்கார்ந்து படம் பார்க்கலாம். 899 கார்களுக்கு இடம்! சிங்கப்பூரில் அப்படி இருந்தது அது ஒன்றுதான். 1985இல் மூடிவிட்டார்கள். மழை கொட்டும் ஊரில் அது 14 வருடம் ஓடியதே ஆச்சரியம். 1990இல் கலைப்படங்களுக்கென்றே 'பிக்சர்ஹவுஸ்' தொடங்கியதும் கேத்தேதான். அப்போது பொறுப்பு சூ மெய்லீன் கைக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்த தலைமுறை, அதே குடும்பம்.

ஒரு பெரிய அரங்கம் போய், பத்துச் சின்ன அரங்கம்

1992இல் யீஷூனில் 10 திரைகள் கொண்ட கோல்டன் வில்லேஜ் திறந்தது. சிங்கப்பூர் சினிமாத் தொழிலின் அடிப்படைக் கணக்கையே மாற்றியது இதுதான் என்பேன், நெட்ஃபிளிக்ஸ் அல்ல.

அதுவரை திரையரங்கு என்றால் தனிக் கட்டடம். ஆயிரம் பேர் உட்காரும் ஒரே அரங்கம், ஒரே படம். படம் ஓடவில்லை என்றால் அத்தனை இருக்கையும் காலி. பல திரை அரங்கில் அந்தப் பயம் குறைவு. ஒரே நேரத்தில் 10 படம், ஒன்று தோற்றால் பெரிய அரங்கத்திலிருந்து சின்னதுக்கு மாற்றிவிடலாம். அதோடு, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆர்ச்சர்ட் வரை ஏன் போக வேண்டும்?

எல்லாரும் அதே வழியில் போனார்கள். உட்லண்ட்ஸ், ஜூரோங், தெம்பனிஸ் என்று குடியிருப்பு வட்டாரக் கடைத்தொகுதிகளின் மேல்மாடிகளுக்குத் திரையரங்குகள் ஏறின. ரசிகர்களுக்கு நல்லதுதான். ஆனால் யார் வீட்டு மாடி? கடைத்தொகுதி உரிமையாளரின் மாடி. 1939இல் மேல்மாடிக்கு வாடகை வாங்கிய நிறுவனம், இப்போது மேல்மாடிக்கு வாடகை கொடுக்கும் நிறுவனமாக மாறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது துண்டும் கழன்றது. சொந்த இடங்கள் சில இருந்தன. பழைய கேத்தே கட்டடம், ஆர்ச்சர்ட் திரையரங்கு இருந்த இடத்தில் 1997இல் வந்த சினிலெஷர் போன்றவை. தோபி காட்டில் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இருந்ததை இடித்துப் புதிதாகக் கட்டி 2006இல் 'தி கேத்தே' கடைத்தொகுதியைத் திறந்தார்கள். ஆனால் கிளைகளில் பெரும்பாலானவை வாடகை இடங்கள்.

2017 நவம்பரில் கடைசித் துண்டு. சிங்கப்பூரில் உள்ள திரையரங்குத் தொழிலைக் கேத்தே குடும்பம் எம்எம்2 ஏஷியா என்ற உள்ளூர் நிறுவனத்துக்கு 230 மில்லியன் வெள்ளிக்கு விற்றது. கவனியுங்கள், விற்றது தொழிலை. கட்டடத்தை அல்ல. அதன் பிறகு, கேத்தே என்ற பெயர் பலகையோடு கேத்தே கட்டடத்துக்குள் படம் காட்டிய நிறுவனம் அங்கே வெறும் வாடகைக்காரர். பெயரும் இடமும் வெவ்வேறு கைகளில்.

ஒரு டிக்கெட்டில் என்ன மிஞ்சும்?

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு டிக்கெட் 15 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 விழுக்காடு ஜிஎஸ்டி போனால் கிட்டத்தட்ட 13 வெள்ளி 75 காசு. அதில் ஏறத்தாழ பாதி விநியோகஸ்தருக்கு; பெரிய படத்தின் முதல் வாரங்களில் அவர்கள் இன்னும் கூடக் கேட்பார்கள். மிஞ்சுவது 7 வெள்ளிகூட இல்லை. அதிலிருந்துதான் ஊழியர் சம்பளம், மின்சாரம், புரொஜெக்டர் பராமரிப்பு, வாடகை எல்லாம்.

அதனால்தான் பாப்கார்ன் அந்த விலை. அந்தக் காசை யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை. நாம் திட்டிக்கொண்டே வாங்கும் அந்தப் பெட்டிதான் பல நேரம் அரங்கத்தைக் காப்பாற்றுகிறது. (வெளியிலிருந்து கொறிக்க வாங்கிப் பையில் ஒளித்து எடுத்துப்போகும் பழக்கம் யாருக்கும் இல்லை என்று நம்புவோம்.)

இந்தச் செலவுகளில் வாடகை மட்டும் கூட்டத்தைப் பார்த்து ஏறி இறங்காது. அரங்கம் நிறைந்தாலும் சரி, மூன்று பேர் உட்கார்ந்தாலும் சரி, மாதம் பிறந்தால் கட்ட வேண்டும். கொவிட்-19 காலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச் கடைசியில் திரையரங்குகள் அனைத்தும் மூடப்பட்டன. ஜூலை 13ஆம் தேதி திறந்தபோது ஓர் அரங்கத்துக்கு 50 பேர் மட்டும். அரசாங்க உதவி ஓரளவு கிடைத்தது, ஆனால் ரசிகர்கள் பழையபடி திரும்பவில்லை. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்ததால் மறு ஆண்டுப் படங்கள் தள்ளிப்போயின. சொந்தமாகப் படம் எடுக்காத அரங்கத்துக்கு, வேறு ஊரில் நடக்கும் வேலைநிறுத்தமும் நட்டம்தான்.

2022 ஜூனில் தோபி காட் கிளை மூடியது. 2023இல் சினிலெஷர். அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. 2025இல் வாடகைப் பாக்கி கேட்டுக் கடைத்தொகுதி உரிமையாளர்கள் சட்டப்படி கோரிக்கைக் கடிதங்கள் அனுப்பிய செய்திகள் வந்தன. செப்டம்பரில் முடிந்தது. அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்டில், கலைப்படங்களைக் காட்டிவந்த 'தி புரொஜெக்டர்' திரையரங்கும் மூடியிருந்தது. தோபி காட்டில் கேத்தே காலி செய்த இடத்தை எடுத்து, 'பிக்சர்ஹவுஸ்' என்ற பழைய பெயரைக் கொஞ்ச காலம் மீண்டும் ஒளிரவைத்தவர்கள் அவர்கள்தான்.

அப்படின்னா ஷா? ஸ்காட்ஸ் ரோடும் ஆர்ச்சர்டும் சந்திக்கும் முனையில் 1958இல் லிடோ திரையரங்கைத் திறந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அதை இடித்து, 1993இல் ஷா ஹவுஸ் கட்டினார்கள். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், நடுவில் லிடோ. லோக் குடும்பம் 1941இல் செய்த அதே ஏற்பாடு! ஷாவுக்கும் கடைத்தொகுதிகளில் வாடகைக் கிளைகள் உண்டு, அவர்களுக்கும் கூட்டம் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் தொழிலும் நிலமும் இன்னும் ஒரே குடும்பத்திடம் இருக்கின்றன. மோசமான வருடத்தில் லிடோ யாருக்குப் பாக்கி வைத்தாலும், கடிதம் அனுப்ப வேண்டியவர் சொந்த வீட்டுக்காரர்.

'குடும்பத் தொழில் என்றால் பாசம், நிறுவனம் என்றால் பணம்' என்று கதை கட்டுவது எளிது. அப்படி இல்லை. 2017இல் விற்ற குடும்பம் பாசம் இல்லாமல் விற்கவில்லை. வாங்கியவர்களும் மூடுவதற்காக வாங்கவில்லை. கணக்குப்படி பார்த்தால் குடும்பம் சரியான நேரத்தில் விற்றது, அவ்வளவுதான். அவர்களிடம் எஞ்சியது விலை போகும் நிலம். வாங்கியவர்களிடம் எஞ்சியது, நாலில் மிகப் பலவீனமான துண்டு.

இன்னும் பார்க்கக் கிடைப்பவை

கேத்தே-கெரிஸ் எடுத்த மலாய்ப் படங்களில் 91 படங்கள் ஆசியத் திரைப்படக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 2014இல் அந்தத் தொகுப்பு, யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஆசிய-பசிபிக் பிரிவில் சேர்க்கப்பட்டது. 1957இன் 'பொந்தியானாக்' அதில் இல்லை. அந்தப் படத்தின் பிரதி எங்குமே கிடைக்கவில்லை. உங்கள் தலைமுறையில் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் அதைத் தொடர்ந்து பி. என். ராவ் 1958இல் எடுத்த 'சும்பா பொந்தியானாக்' தப்பிவிட்டது, மீட்டெடுத்துப் புதுப்பித்திருக்கிறார்கள்.

காப்பகம் தனது படங்களைத் திரையிடும் ஓல்டம் திரையரங்கு கேனிங் ரைஸில், தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்தில் இருக்கிறது. தோபி காட்டில் கேத்தே முகப்பைப் பார்த்துவிட்டு நடந்தே போய்விடலாம். போகும் முன் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள், தினமும் காட்சி இருக்காது. பேய்ப் படம் என்றால் கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்க.